அவர் காலால் தேர்ந்தெடுத்த பலகை

என் கணவருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை மங்கத் தொடங்கியது தொண்ணூறுகளின் கடைசியில். ஐந்தாறு வருடங்களில் நிழலும் வெளிச்சமும்கூடத் தெரியாமல் போயிற்று. செக்ரட்டேரியட் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ஐம்பத்திரண்டு வயது. ஊன்றுகோல் கொடுத்தால் அதை மூலையில் சாய்த்துவிடுவார்.

கிழக்கேகோட்டைத் தெரு வீட்டில் எங்கள் பங்கை விற்றுவிட்டு, நகரத்துக்கு வெளியே பின்பக்கம் தோட்டமுள்ள ஒரு வீட்டில் இருந்தோம். அந்தத் தோட்டத்தில்தான் அவருடைய நாள் போகும். அடுக்களைப் படியிலிருந்து கடைசியில் நிற்கும் ஈரப்பலா மரம் வரைக்கும் செங்கல் பாதை. ஒரு வருடம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் செங்கல்லில் பாசி பிடித்து, அவர் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அவர் படி இறங்கவில்லை.

"போறும். எனக்கு இனி தோட்டம் வேண்டாம்" என்றார். மூன்று மாதம் கட்டிலிலும் ரேடியோவுக்குப் பக்கத்திலுமாகவே இருந்தார்.

எங்கள் வீட்டு மரவேலையெல்லாம் செய்த ஆசாரி மார்த்தாண்டத்துக்காரர். பாதைமேல் மரப்பலகை போடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"மரம் ரெண்டு மழை தாங்காதும்மா, செதலு அரிச்சிரும். இப்பம் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேத்து ஒரு பலகை வந்திருக்கு. ஊறாது, அரிக்காது. பைபாஸ் ரோட்டுல ஒரு கடையில உண்டு. சாரையும் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். "நடக்கப்போறது நான்தானே" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

கடையில் எங்களைக் கவனித்த பெண்மணி மலையாளம் கலந்த தமிழில் பேசினாள். "சாரே, இதில் ஆறு கலர் உண்டு. தேக்குக் கலர், காப்பிக் கலர், கிரே..." அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நிறம் இருக்கட்டும். வெளியில வெயில்ல வரிசையாப் போடுங்கோ. நான் நின்னு பாக்கறேன்" என்றார்.

முற்றத்தில் ஆறு பலகைத் துண்டுகளைப் போட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏறி நின்றார். மழமழப்பானதை, "மழையில வழுக்கும்" என்று தள்ளினார். மர ரேகை மாதிரி அச்சடித்தவற்றில் நின்று, "காலுக்கு ஒண்ணும் தெரியலை" என்றார். ஆழமாக வரி கீறிய இரண்டு மிஞ்சின. ஒன்று காப்பிப்பொடி நிறம். அதில் வைத்த காலை உடனே எடுத்துவிட்டார். "இது சுடறது." மற்றது வெளுத்த மணல் நிறம். அதில் வெகுநேரம் நின்றார். பாதத்தை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"இதாக்கும் வேண்டியது. வரி குறுக்கே வரணும். எந்தப் பக்கம் போறோம்னு காலே சொல்லிடும்."

அந்த முகத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலை, அவர் குளிக்கப் போயிருந்தபோது, கடைக்கு போன் செய்து நிறத்தை மாற்றச் சொன்னேன். அதே வரி, காப்பிப்பொடி நிறம். ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மணல் நிறம் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவை நினைவுபடுத்தியது என்பது உண்மை. ஆனால் அது மட்டுமல்ல. அத்தனை வருடமும் அந்த வீட்டில் நாற்காலி போட்ட இடம், டம்ளர் வைக்கும் இடம் எல்லாம் அவருக்காகத்தான். அடுக்களை ஜன்னல் வழியே தினமும் அதைப் பார்க்கப்போவது நான் ஒருத்தி. அது ஒன்றாவது என் கண்ணுக்குப் பிடித்ததாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். மர நிழல் இருக்கிறது, அவ்வளவு சுடாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பலகை வந்திறங்கியதும் ஆசாரி என்னிடம் வந்து, "சாரு வெளுத்த பலகைன்னுல்லா சொன்னாவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வரி அதேதான். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றேன். ஆசாரி குனிந்து துளை போட ஆரம்பித்தார்.

ஐப்பசித் துலாமழை நேரம் அது. பலகை குளிர்ந்தே கிடந்தது. இரண்டாம் நாளே அவர் யார் கையையும் பிடிக்காமல் மரம் வரை போய்த் திரும்பினார். "நீ எனக்கு ஒரு தெருவே போட்டுக் குடுத்திருக்காய்" என்றார் ஒரு சாயங்காலம். நான் உள்ளே போய்விட்டேன்.

வழக்கமாக அவர் நடப்பது காலையிலும் சாயங்காலமும்தான். மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம். கரண்ட் போய் வீடு புழுங்கியது. அவர் வெறுங்காலோடு வெளியே இறங்கியதை நான் கவனிக்கவில்லை. காய்ந்த துணி எடுக்கப் போனவள் பார்த்தேன். பாதையின் நடுவில், நிழலே இல்லாத இடத்தில், ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவசரத்தில் திரும்பித் திசை தப்பி, விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கி, வாழைக்கன்றுகளுக்கு நடுவே இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். கூப்பிடவில்லை. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

அவர் பாதங்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தேன்.

"கடைல சுட்டதே, அந்தப் பலகைதானே இது?"

"ஆமாம்."

"கடைக்காரா மாத்திக் குடுத்துட்டாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். "இல்லை. நான்தான் மாத்தினேன். எனக்கு அந்த நிறம் பிடிச்சிருந்தது" என்றேன்.

அவர் தண்ணீரிலிருந்து கால்களை எடுத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார். "எங்கிட்ட கேட்டிருந்தா அதையே போட்டுக்கோன்னு சொல்லியிருப்பேன். செருப்பு போட்டுண்டு நடந்திருப்பேன். இவருக்குத் தெரியவா போறதுன்னுதானே கேக்கலை?"

நான் துண்டை எடுத்து அவர் பாதங்களை ஒற்றினேன்.

அடுத்த வாரம் ஆசாரியை வரவழைத்தேன். என் கணவர் நடக்கும் அகலத்துக்குக் கறுத்த பலகையைப் பெயர்த்து, வெளுத்த பலகை போடச் சொன்னேன். வேலை நடக்கும்போது அவர் படியில் வந்து நின்றார்.

"ஆசாரி, என்ன நிறம் போடறேள்?"

"மணல் நெறம் சாரே. நீங்க அண்ணைக்குச் சொன்னதுதான்." ஆசாரி என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். பேச்சும் பழையபடி ஆயிற்று, பெரும்பாலும். அந்த வருடம் ஓணத்துக்கு ஒரு சட்டை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன நிறம்?"

"இளநீலம்."

"நிஜமாவா?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவ்வப்போது கேட்டார். கோபமாக இல்லை, வழக்கமான குரலில். நானும் ஒவ்வொரு முறையும், "நிஜம்தான்" என்று சொன்னேன்.