சலவைக்குப் போகாத முகம்

ஸ்டூடியோவில் அவள் பார்த்த வேலைக்கு அத்தான் வைத்திருந்த பெயர் சலவை. படம் எடுத்து முடித்ததும் முன்னறையிலிருந்து குரல் வரும்: "சின்னவளே, முகத்தைச் சலவைக்குப் போட்டாச்சா?" அவள் கணினியில் அந்த முகத்தைத் திறப்பாள். மூக்கோரத்து நிழலை அழிப்பாள், கன்னத்தை வழித்தெடுப்பாள், நெற்றியை வெளுப்பாள். கறுப்பாக உள்ளே வந்த ஆள், மாவு பூசிய பொம்மையாக உறைக்குள் புகுந்து வீட்டுக்குப் போவார். வாடிக்கைக்காரர்களுக்கு அவள் டச்சப் அக்கா.

அத்தான் கெட்டவர் இல்லை. அக்காவைக் கட்டிக்கொண்ட நாள் முதல் மைத்துனியைக் கூடப் பிறந்தவளாகத்தான் நடத்தினார். கேமராவை மட்டும் தொட விடமாட்டார். பெண்களுக்கு அது சரிப்படாது என்பதற்கு அவரிடம் காரணங்கள் கைவசம் இருந்தன: கை நடுங்கும், விளக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது, வருகிறவர்கள் நம்பி உட்காரமாட்டார்கள். சோதித்துப் பார்த்தீர்களா என்று அவள் ஒருமுறை கேட்டாள். "இதுல சோதிக்க என்ன இருக்கு, தெரிஞ்சதுதானே" என்றார். ஊரில் நடக்கிற அநியாயத்தில் பாதி இந்தத் தெரிஞ்சதுதானேவுக்குள்தான் குடித்தனம் நடத்துகிறது.

அவருக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், கறுப்பு முகம் படத்தில் விழாது என்பது. ஏதோ இயற்கையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விதி போலச் சொல்வார். இயற்கை அப்படி எதையும் சொன்னதில்லை. அவர் வைத்திருந்த வைத்தியமும் ஒன்றே ஒன்றுதான். முகம் நிறையப் பவுடர், நேர் எதிரே நின்று மூக்கில் குத்துகிற விளக்கு, முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் திரை, அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் கறுப்புக்குச் சலவை. அப்படிச் சலவையான ஒரு காவல்காரரை, அடையாள அட்டையில் இருப்பது நீ இல்லை என்று அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர் வந்து முறையிட்டபோது அத்தான், "அழகா இருந்தா ஒத்துக்க மாட்டாங்களே" என்று அந்த வாசலைத்தான் திட்டினார்.

சின்னவளும் கறுப்புதான். பள்ளிக்கூடக் குழுப் படத்தில் அவளை வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார்கள். படம் வந்தபோது, சட்டைக்கு மேலே ஒரு பல்வரிசை மட்டும் நிற்கிறது என்று பெரியப்பா மகன் சொல்ல, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். பிறகு யோசித்தாள். நேரில் தெரிகிற முகம் படத்தில் தெரியாமல் போனால், அது முகம் செய்த குற்றமா, எடுத்தவர் செய்த குற்றமா? அந்தக் கேள்விதான் அவளை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. வந்து சேர்ந்த இடத்திலோ, குற்றத்தை மறைக்கிற வேலையைக் கொடுத்துக் கணினி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான், பெரிய மருத்துவமனையின் தலைமை நர்ஸ் தன் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்த மருத்துவமனையின் வராண்டாச் சுவரில் இதற்கு முன் தலைமை நர்ஸாக இருந்தவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். இப்போது இவருடைய முறை. உறையிலிருந்து படத்தை உருவி அத்தானின் மேஜைமேல் வைத்தார்.

"இது யாரு?"

"நீங்கதான் மேடம். பத்து வயசு குறைஞ்சு போயிட்டீங்க" என்று அத்தான் குழைந்தார்.

"வயசு குறையல, ஆளே மாறிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, வேற யாரு படத்தையோ மாத்திக் குடுத்துட்டாங்க, போய் உன்னுதை வாங்கிட்டு வான்னு சொல்றார்."

வரவேற்பு மேஜையில் இருந்த அக்கா சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. அத்தான் தன் விதியை எடுத்துவிட்டார்: உங்கள் நிறத்துக்கு இதைவிட நன்றாக எடுக்க முடியாது, சீருடை வேறு தூய வெள்ளை, முகம் தெரிய வைத்தால் சீருடை வெளிச்சத்தில் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும், சீருடையைக் காப்பாற்றினால் முகம் கரியாகிவிடும். நர்ஸ் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எங்கம்மா அந்த வராண்டாவைத் துடைச்சவங்க. நான் அதே வராண்டாவுல தலைமையா நடக்கறேன். அந்தச் சுவத்துல என் முகம் தொங்கணும். எங்கம்மா ஜாடை அதுல தெரியணும். முடியாதுன்னா சொல்லிடுங்க, அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

உள்ளறைக் கதவருகே நின்றிருந்த சின்னவளுக்கு அந்த முகத்தை வெளுத்தது தன் கைதான் என்பது உறைத்தது. "நான் எடுக்கறேம்மா. இந்த வாரக் கடைசியில வாங்க" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

நர்ஸ் படியிறங்கும் வரை அத்தான் பொறுத்துக்கொண்டார். பிறகு அவருக்கு வந்தது கோபம்கூட இல்லை, சலிப்பு. "சரி, எடு. ஆனா ஒண்ணு. இது வரலைன்னா, கேமராவைத் தொடணும்கிற பேச்சை இந்த ஜென்மத்துல எடுக்கக் கூடாது. சம்மதமா?" சம்மதம் என்றாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையில், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயே என்று எழுதி ஒட்டியிருந்தது.

மறுநாளிலிருந்து மதிய நேரத்தில், அத்தான் சாப்பிட்டுக் கண்ணயரும்போது, ஸ்டூடியோ அக்கா தங்கை கைக்கு வந்தது. நர்ஸின் நிறத்துக்குப் பக்கத்தில் இருந்தது சின்னவளின் நிறம்தான் என்பதால் அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா பொத்தானை அழுத்தினாள். விளக்கை எதிரிலிருந்து பக்கவாட்டுக்குத் தள்ளினால் மேடு பள்ளம் தெரியும் என்பது சின்னவளின் கணக்கு. தள்ளிப் பார்த்தார்கள். முகத்தின் ஒரு பாதி பவுடரில் சாம்பல் பூத்தது, மறுபாதி காணாமல் போனது. பவுடரைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இப்ப உன் நெத்தியில பல்பு எரியுதுடி" என்றாள் அக்கா. உண்மைதான். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, கன்னத்தில் ஒன்று, மற்றதெல்லாம் இருட்டு. விளக்கைக் கூட்டினால் பொட்டுதான் பெரிதானது. அடுத்த நாளும் அதே கதை. அத்தான் சொன்னதுதான் சரியோ என்ற சந்தேகம் முதல்முறையாக அவள் மனதில் தலை நீட்டியது.

ஜன்னலுக்கு வெளியே கார் பட்டறை. தேநீர்க் கோப்பையோடு அங்கே நின்றவள் கண்ணில் ஒரு கறுப்புக் கார் பட்டது. வெயில் கதவில் நேராக அடித்தது. தெரிந்ததெல்லாம் கண் கூசவைக்கும் ஒரு வெள்ளைப் புள்ளிதான். கொஞ்ச நேரத்தில், வெள்ளைப் பெயின்ட் பூசிய பெரிய தகரம் ஒன்றைப் பட்டறை ஆட்கள் தூக்கிவந்து காருக்குப் பக்கத்தில் சாத்தினார்கள். அவர்கள் சாத்தியது வேறு இடமில்லாததால்தான். ஆனால் அந்தக் கணமே கதவு முழுவதும் உயிர் பெற்றது. வளைவு, மடிப்பு, யாரோ இடித்த நசுங்கல் எல்லாம் வழவழவென்று எழுந்து நின்றன.

கோப்பை பாதியிலேயே ஜன்னல் திட்டில் நின்றுவிட்டது. வெள்ளைப் பொருள் தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். மினுமினுக்கும் கறுப்புப் பொருள் அதில் பெரும்பங்கை விழுங்கிவிட்டு, எதிரே இருப்பதைக் கண்ணாடி போல மேலே ஏந்திக் காட்டும். எதிரே சின்ன விளக்கு இருந்தால் சின்னப் பொட்டு. எதிரே பெரிய வெண்மை இருந்தால்? இத்தனை காலமும் இவர்கள் கறுப்பு முகத்துக்கு வெளிச்சம் போதவில்லை என்று வாரி வாரி இறைத்திருக்கிறார்கள். குறைவாக இருந்தது வெளிச்சத்தின் அகலம். அந்த முகங்கள் தாமாகவே ஏந்திக் காட்டிய மினுமினுப்பைப் பவுடர் போட்டு மூடியும் இருக்கிறார்கள்.

அக்காவின் பீரோவிலிருந்து இரட்டைக் கட்டில் விரிப்பு வந்தது. "கறையாச்சுன்னா உன்னைத்தான் துவைக்க விடுவேன்" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. நாற்காலிக்கு ஒரு பக்கமாக அதைக் கட்டித் தொங்கவிட்டு, விளக்கை முகத்திலிருந்து திருப்பி விரிப்பின்மேல் அடித்தாள். வெள்ளைத் திரைக்குப் பதில் சாம்பல் நிறத் திரை. கேமராவின் சொந்தப் புத்தியை அணைத்து, அளவுகளைக் கையால் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

படம் கணினியில் திறந்தபோது அக்காவின் கேலி பாதியில் நின்றது. நெற்றியிலிருந்து தாடை வரை வெளிச்சம் ஒரே ஒழுக்காக வழிந்திருந்தது. "உனக்குக் கன்னம் இப்படியா இருக்கு? இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து சாப்பிடறேன், கவனிக்கவே இல்லையே" என்றாள். சின்னவள் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். நிறத்தில் ஒரு துளி குறையாமல், கறுப்பாகவே, அவள் அங்கே இருந்தாள்.

வாரக் கடைசியில் நர்ஸ் பணி முடிந்து நேராக வந்தார். விரிப்பைப் பார்த்த அத்தான், துணி காயப்போட வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கேட்டார். பழக்கதோஷத்தில் பவுடர் டப்பாவை எடுத்தார். நர்ஸ் கையை உயர்த்தி அதைத் தடுத்தார்.

முதல் படத்தில் முகம் அருமையாக வந்தது. சீருடை வெந்துபோனது. மடிப்பு, பொத்தான், மார்பில் குத்திய பேட்ஜ் எல்லாம் ஒரே வெள்ளைத் தகடு. "நான்தான் சொன்னேனே" என்றார் அத்தான். இதைச் சொல்லத்தான் அவர் காத்திருந்தார். விளக்கைக் குறைத்தால் முகம் போய்விடும். கூட்டினால் சீருடையே மிஞ்சாது. இரண்டுக்கும் ஒரே வெளிச்சம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? முகத்துக்கு வேண்டியது முகத்துக்கு, சீருடைக்கு வேண்டியது சீருடைக்கு. படங்களை ஒட்டும் கறுப்பு அட்டை ஒன்றை எடுத்து, விரிப்புக்கும் நர்ஸுக்கும் நடுவே கழுத்துக்குக் கீழே மட்டும் மறைக்கும்படி, ஒரு நாற்காலியின் முதுகில் சாத்தினாள். அட்டையின் நிழல் சீருடைமேல் மெல்லப் படிந்தது. முகத்தை அது தொடவில்லை.

"அம்மா, அந்த வராண்டாவுல ஒரு புது டாக்டர் உங்களைப் பாத்து, தண்ணி கொண்டாங்கன்னு சொல்றார்னு வைங்க. எப்படிப் பாப்பீங்க?"

நர்ஸ் பார்த்தார். அவள் அழுத்தினாள்.

அத்தான் கணினிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார். சீருடையின் தையல் வரை தெரிந்தது. அதற்கு மேலே, கருங்கல்லில் செதுக்கியதுபோல் ஒரு முகம், ஒரு புருவம் லேசாக ஏறி, போய் நீயே எடுத்துக் குடி என்று சொல்லிக்கொண்டிருந்தது. நர்ஸ் திரையருகே குனிந்து தாடையோரத்தை விரலால் தொட்டார்.

"எங்கம்மாதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுல கை வெச்சீங்க, ஊசி போட்டுருவேன்" என்று அத்தானை எச்சரித்துவிட்டுப் போனார்.

படம் வராண்டாவில் ஏறியது. முந்தைய தலைமைகள் எல்லாம் ஒரே மாவில் பிசைந்த சகோதரிகள் போல வெளிறித் தொங்க, கடைசியில் ஒரு மனுஷி நின்றார். அடுத்த வாரம் துப்புரவுப் பணியாளர்கள் நால்வர் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். பிறகு ஆம்புலன்ஸ் ஓட்டுநர், சமையல்கட்டுக்காரர்கள், வாசல்வரை வரிசை. முன்னால் நின்ற பெண்மணி அத்தானைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "நர்ஸம்மாவை எடுத்தாங்களே, அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டார்.

அத்தான் அந்த வரிசையைத் தாண்டி உள்ளே போனார். பிறகு கேமராவைக் கொண்டுபோய் மைத்துனியின் கையில் கொடுத்தார். அவளுக்கு இன்னொன்றும் வேண்டியிருந்தது: இனிமேல் யாருடைய முகமும் அவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் சலவைக்குப் போகக் கூடாது. அவர் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையாட்டினார்.

"சரி, நான் என்ன பண்ணணும்?"

அவள் கறுப்பு அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்து, நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினாள். நாற்காலியில் அந்தப் பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க அத்தான். முகத்தை மறைக்கறீங்க."