மரகதம் டீச்சரின் இரண்டு கல்லுக்கால்கள்

காலைப் பிரேயர் முடிந்து பாடம் நடத்த வகுப்புக்குப் போகிற வழியில் பியூன் என்னை நிறுத்தினார். "மரகதம் டீச்சர் தவறிட்டாங்களாம். ஆஸ்பத்திரியிலேருந்து சொல்லி விட்டாக." மஞ்சள் காமாலை. எங்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவர். இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் அவரை அடக்கமானவர் என்றார்கள். கூட இருந்த எனக்குத் தெரியும், அவர் அப்படி இல்லை.

சிறு வயதிலேயே கணவரை இழந்து, புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பினாங்கிலிருந்து வந்த தம்பி அவருக்கு ஒரு ஸ்டீரியோ கொடுத்தார். இசைத்தட்டு சுழலும் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு. எல்லாவற்றையும் ஒரே மேசைமேல் வைத்தால் அதிர்வில் முள் துள்ளியது. ஸ்பீக்கரைத் தரையில் வைத்தால் மிருதங்கம் மட்டும் குமுறியது. பாடுகிறவர் எங்கோ கிணற்றுக்குள் இருந்தார். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்துக்கு, ஆடாத ஸ்டாண்டு இரண்டு வேண்டும்.

என்னையும் அழைத்துக்கொண்டு மரச்சாமான் கடைக்குப் போனார். தேக்கு ஸ்டாண்டு எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. மலிவான ஸ்டூல் தொட்டாலே ஆடியது. கடைக்காரர் சொன்னார்: "தனியா இருக்கிற பொம்பளைக்கு ரெண்டு பெட்டி எதுக்குங்க? ஒண்ண வித்துருங்க."

"எனக்கும் காது ரெண்டு இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே கல்லுடைக்கிற இடத்துக்குப் போனோம். வேலிக்கு நடும் அகலமான கல்லுக்கால் ஒன்று நடுவில் முறிந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு துண்டையும் ஒரே உயரத்துக்குத் தட்டித் தரச் சொன்னார். அவை மாட்டுவண்டியில் வந்து இறங்கியதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கல்லுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகளை வைத்தோம். அன்று சாயங்காலம் பாடுகிறவர் எங்கள் எதிரிலேயே வந்து உட்கார்ந்தார்.

செய்தி அவர் புகுந்த ஊரான கறம்பக்குடிக்குப் போய்விட்டது. அங்கிருந்து கணவரின் அண்ணன் வந்தார். "தாலியறுத்தவ வீட்டுல பாட்டுக் கேக்குதுன்னு ஊரே சிரிக்குது. நான் எடுத்துட்டுப் போறேன்" என்று ஒரு ஸ்பீக்கரைத் தூக்கினார்.

டீச்சர் எழுந்து அதன்மேல் கை வைத்தார். "அழுக வேண்டியத அழுதுட்டேன் அத்தான். எடுத்த எடத்துல வைங்க. காபி போடுறேன், குடிச்சுட்டுப் போங்க."

அவர் வைத்தார். காபி குடிக்கவில்லை. போகிற வழியில் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுப் போனார். அந்த மாதமே காலி பண்ணச் சொன்னார்கள்.

"பாட்ட நிறுத்துனா இருக்கலாமாம்" என்று டீச்சர் என்னிடம் சிரித்தார். "நான் வீடு பாக்கப் போறேன். நீங்களும் வாரீங்களா?"

கிடைத்த வீடு மழைக்கு ஒழுகியது. பள்ளிக்கு ரொம்ப தூரம். வண்டியில் முதலில் ஏறியவை கல்லுக்கால்கள்தான். கட்டிலும் பாத்திரமும் பிறகு வந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அந்த வீட்டில் பாட்டு நிற்கவில்லை.

சாவு வீட்டில் அதே அண்ணன் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "அந்தப் பாட்டுப் பெட்டிதான் அவ பேரக் கெடுத்துச்சு."

"அவங்க பேரு கெடலைங்க" என்றேன். அங்கே பெண்கள் அப்படிப் பேசுவதில்லை. நான் பேசினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். முன்பெல்லாம் யாராவது கதவைத் தட்டினால் ஓடிப்போய் ரேடியோவைக் குறைப்பேன். இப்போது நேராகப் போய்க் கதவைத் திறக்கிறேன். பாட்டு பாடிக்கொண்டே இருக்கிறது.