எண்ணெய் பூசிய ரெக்கார்டு

நான் பாட்டெழுதிப் பிழைத்தவன். அதுவும் கிதாரும் டிரம்ஸும் போட்டு அலறுகிற ராக் பாட்டு. பிற்பாடு மற்றவர்கள் பாட, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரெக்கார்டு தயாரித்தேன். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் குற்றாலத்தில் என்று சொன்னால் சிரிப்பார்கள். குற்றாலத்தில் குளிக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம், ராக் எங்கே கற்பது என்பார்கள். சீசன் இல்லாத குற்றாலத்தை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஐம்பதுகளில் என் அப்பா அங்கே ஒரு விடுதிக்கு மேனேஜர். பேருக்குத்தான் மேனேஜர். சாவி கொடுப்பது, வெந்நீர் போடுவது, கூரையில் உடைந்த ஓடு மாற்றுவது எல்லாம் அவரே. அம்மா எனக்கு விவரம் தெரியும் முன்பே கண்ணை மூடிவிட்டாள். ஆனியில் சாரல் விழுந்ததும் அறையெல்லாம் ஆட்கள், நடையெல்லாம் ஈரத்துண்டு. ஆடி முடிந்தால் ஒவ்வொரு அறையாகப் பூட்டு விழும். அப்புறம் அந்தப் பெரிய கட்டிடத்தில் நாங்கள் இரண்டு பேர். சீசனுக்கு வருகிறவர்களிடம் அப்பா வாய் ஓயாமல் பேசுவார். ஒரு வருஷப் பேச்சை அவர்களிடமே தீர்த்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் என்னிடம் "சாப்பிட்டியா", "விளக்கை அணை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஊரான் வீட்டுப் பிள்ளைகளிடம் அப்படிச் சிரிக்கிற மனுஷன் என்னிடம் ஏன் ஊமையாகிறார் என்று பொருமிக்கொண்டே வளர்ந்தேன்.

எங்கள் விடுதிக்கு ஒரு வழக்கம் உண்டு. சீசன்காரர்கள் வருஷா வருஷம் அதே அறைக்குத்தான் வருவார்கள். அதனால் அவர்கள் மறந்து விட்டுப் போகிற சாமான் எதையும் நாங்கள் தொட மாட்டோம். குடை, கைத்தடி, தகரப் பெட்டி, எதுவானாலும் பரணில் ஏறிவிடும். மறுவருஷம் அவர்கள் கேட்பதற்கு முன்பே அப்பா எடுத்து நீட்டுவார். அந்த ஊர் ஈரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், தோல் பூசணம் பூக்கும். ஆகவே அவ்வப்போது எல்லாவற்றையும் இறக்கித் தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி ஏற்றுவார். எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஜனங்கள் வருகிற ஊரில் குடைக்கும் பெட்டிக்கும்கூட எண்ணெய் யோகம்.

அப்படித்தான் ஒரு வருஷம் ஒரு கிதார் பரணுக்கு வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலோ இந்தியர் விட்டுப் போனது.

"அடுத்த சீசனுக்கு வருவாரு. தொடாதலே" என்றார் அப்பா.

அடுத்த சீசனுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த சீசனுக்கும் வரவில்லை. நான் தொட்டேன். அப்பா முதலாளியைப் பார்க்கத் தென்காசிக்கு பஸ் ஏறியதும் பரணில் ஏறுவேன். தென்காசி ஓட்டல் ரேடியோவில் எப்போதாவது வரும் இங்கிலீஷ் பாட்டைக் காதில் பிடித்து வந்து, விரல் தேயத் தேயத் தேடுவேன். கொஞ்சம் துணிச்சல் வந்ததும், அப்பா விடுதியில் இருக்கும் நாளிலேயே அவர் கண்ணில் படாமல் கிதாரைத் துண்டில் சுற்றிச் சிற்றருவிப் பக்கம் கொண்டுபோனேன். அங்கே வாசித்தால் யாருக்கும் கேட்காது. ஆனால் எனக்கே கேட்காது. ஐப்பசியில் அருவி இரைகிற இரைச்சலுக்கு மேலே என் குரல் என் காதில் விழ வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். கத்தினேன். பங்குனியில் தண்ணீர் வற்றிப் பாறை தெரியும்போதும் அதே கத்தல்தான். பழகிவிட்டது. கேட்க ஆளில்லாத ஊரில் குரலை இறக்கி யாருக்கு மரியாதை செய்வது?

வீட்டுக்கு வந்தால் சோறு ஆறிக் கிடக்கும். சூடாக ஒரு வாய் போட நமக்கு நாதியில்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவேன். சில நாள் அழுதுகொண்டும் சாப்பிட்டிருக்கிறேன்.

கிதாரின் கம்பிகளுக்கும் அப்பா எண்ணெய் தடவிவிடுவார். துருப்பிடிக்கக் கூடாதே. எண்ணெய் ஏறிய கம்பி கணீரென்று பேசாது, போர்வைக்குள்ளிருந்து முனகுகிற மாதிரி முனகும். நான் துடைத்து வைப்பேன். அவர் மறுபடி தடவுவார். நான் வாசிக்கக் கூடாது என்றுதான் செய்கிறார் என்று எனக்குள் கறுவிக்கொள்வேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்து மெட்ராஸுக்குக் கிளம்பியபோது கிதாரைக் கேட்டேன்.

"அது நம்ம பொருள் இல்லலே" என்றார். தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "தலைக்குத் தேயி."

மெட்ராஸில் ஓட்டல்களில் வாசிக்கிற ஒரு குழுவோடு ஒட்டிக்கொண்டேன். இரவல் கிதார். அதன் கம்பி கணீரென்று பேசியது, எனக்கு அது யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. ஒருநாள் பொறுக்க முடியாமல் அப்பா கொடுத்த எண்ணெயைத் தொட்டுத் தடவினேன். முனகல் திரும்பி வந்தது. குழுவில் இருந்தவர்கள் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டினார்கள். பின்னாளில் நான் தயாரித்த ரெக்கார்டுகளில் கிதார் ஒலி தனியாகத் தெரிகிறது என்று சொன்னவர்கள் உண்டு. ரகசியம் தேங்காய் எண்ணெய்தான்.

அறுபதுகளின் நடுவில் என் முதல் ரெக்கார்டு வந்தது. சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. முதல் பக்கத்தில் இருந்தது அருவிக்கரையில் நான் கத்திய பாட்டு. அதை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு ஓடினேன். ஆனால் அப்பா கையில் கொடுத்து, "இது நான் எழுதிப் பாடியது, கேளுங்கள்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் பேசிப் பழக்கமில்லையே. கிளம்புகிற அன்று அவர் தலையணை மேல் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து வந்த கடிதங்களில் மழை இருந்தது, அருவி இருந்தது, ரெக்கார்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒவ்வொரு கடிதத்தையும் பின்பக்கம் வரை திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைப்பேன். மெட்ராஸில் நாலு பேர் கைதட்டினாலும் அந்த ஒரு ஆள் கேட்டாரா இல்லையா என்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுவருஷம் சீசனுக்கு முன் போனேன். அப்பா பரண் சாமான்களை நடையில் பரப்பி எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஒரு குடைக்கும் கிதாருக்கும் நடுவில் என் ரெக்கார்டு கிடந்தது. இரண்டு பக்கமும் எண்ணெய் மினுங்கியது.

"நீ மறந்து வச்சிட்டுப் போயிட்ட. பத்திரமா வச்சிருக்கேன். எடுத்துக்கோ" என்றார்.

"மறக்கலப்பா. உங்களுக்குன்னுதான் வச்சேன்."

அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்லலே" என்றார். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, தென்காசிக்குப் போவோம்" என்றார். அங்கே கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிற மைக் செட் கடை இருந்தது. கடைக்காரர் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். முள் கரகரவென்று இரண்டு சுற்று ஓடி, வழுக்கி நடுவில் போய் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது.

"எண்ணெய்ப் பிசுக்கு அண்ணாச்சி. தட்டுல ஓடுற கோட்டுக்குள்ள தூசியும் அப்பியிருக்கு. இனி பாடாது."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. தன் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பாடேன்" என்றார்.

மைக் செட் கடையில், பகல் வெளிச்சத்தில், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, கையில் கிதார்கூட இல்லாமல், ரெக்கார்டில் இருந்தபடியே முழுப் பாட்டையும் பாடினேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடித்ததும் கொஞ்சம் யோசித்தார்.

"நடுவுல, பூட்டின வீட்டுக்குள்ள மழை பெய்யுதுன்னு ஒரு வரி வருமே. அதை எங்கலே விட்ட?"

அந்த வரி ரெக்கார்டில் இல்லை. பாட்டு நீளுகிறது என்று மெட்ராஸில் வெட்டிவிட்டார்கள். அருவிக்கரையைத் தவிர வேறெங்கும் நான் அதைப் பாடியதில்லை.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"சோத்துக்குக் கூப்பிட வருவேன். பாட்டு முடியட்டும்னு பாறைக்கு இந்தப் பக்கம் நிப்பேன். நீ எங்க முடிச்ச? சோறு ஆறிப்போயிருமேன்னு திரும்பிருவேன்."

குற்றாலத்துக்குத் திரும்ப பஸ் ஏறினோம். பாறைக்கு அந்தப் பக்கம் நானும் இந்தப் பக்கம் அவருமாக எத்தனை சாயங்காலம் போயிருக்கும் என்பதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதிக்கு வந்ததும் சாமான்களைத் திரும்பப் பரணில் ஏற்றினார். கிதாரையும் ஏற்றினார், அந்த ரயில்வேக்காரர் வந்தால் உனக்குத் தருவாரா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ரெக்கார்டை மட்டும் ஏற்றவில்லை. வேட்டியால் நன்றாகத் துடைத்து, அம்மாவின் கல்யாணச் சேலை இருக்கும் தன்னுடைய பெட்டியைத் திறந்து, அதற்குள் வைத்துப் பூட்டினார்.