அக்காவுக்கு எதிராக ஒரு கை

பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. வாரம் ஒருமுறை பிள்ளைகளோடு உட்கார்ந்து குடும்பக் கூட்டம் நடத்த வேண்டுமாம். மகள் அதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி வாசித்துக் காட்டினாள். எனக்கு அது புதிதில்லை.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் காம்பராவில் ஞாயிறுதோறும் கூட்டம் நடந்தது. காம்பரா என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரே அறை, அடுப்பும் அதிலேதான். ஈர விறகுப் புகையில் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருவோம். தோட்டச் சங்கத்துக்கு அப்பா தலைவர். அதனால் வீட்டுக்கும் அவரே தலைவர். அம்மா, அக்கா, நான் மூவரும் உறுப்பினர்கள். கருவாடா பருப்பா என்பதற்கெல்லாம் கை தூக்கினோம். தோட்டத் தமிழர்களான எங்கள் ஆட்களின் ஓட்டுரிமையை நாடு பறித்திருந்த காலம் அது.

"வெளியிலதான் நமக்கு ஓட்டு இல்ல. இந்த வீட்டுல இருக்கு" என்பார் அப்பா. தலைவர் மட்டும் ஓட்டுப் போடக்கூடாது என்பது அவரே வைத்த சட்டம்.

அக்கா லெச்சுமி தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அங்கே படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் வீடு தேடி வந்தார். "இந்தப் பிள்ளையை மறிக்காதேங்கோ. பதுளை டவுன் பள்ளிக்கூடத்தில இடம் எடுத்துத் தாறன்" என்று சொல்லி, சட்டை தைக்க வெள்ளைத் துணியும் கொடுத்துவிட்டுப் போனார். அதே மாதம் அம்மா நெஞ்சு நோவில் படுத்தாள். அவளுக்குப் பதில் ஒரு ஆள் கொழுந்தெடுக்க வராவிட்டால் காம்பராவில் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துப் போடுவோம் என்றார் கங்காணி.

வேறு எந்த அப்பாவும் தானே ஒரு முடிவு எடுத்திருப்பார். எங்கள் அப்பா கூட்டம் கூட்டினார்.

"லெச்சுமி டவுனுக்குப் படிக்கப் போறதா, வேலைக்குப் பேர் பதியறதா?"

அக்கா படிக்கக் கை தூக்கினாள். அம்மா சுவரைப் பார்த்தபடி பேர் பதியத் தூக்கினாள். மிச்சம் என் கை. எனக்குப் பத்து வயது. அந்த வெள்ளைத் துணிமேல் பொறாமை, அவ்வளவுதான். அம்மாவின் நோவை நினைத்தேன் என்பதெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். அம்மா பக்கம் தூக்கினேன்.

"அப்பா, நீங்க சொல்லுங்கப்பா" என்று அக்கா அழுதாள்.

மகள் படிக்கப் போகிறாள் என்று லயமெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார். "ரெண்டு பேர் சொல்லிட்டாங்களே ஆத்தா. நானே சட்டத்த மீறினா அப்புறம் கூட்டம் எதுக்கு?"

அவர்மேல் இன்றும் எனக்குக் கோபம் ஆறவில்லை. என்மேலும்தான்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அக்காவின் பேர் பதிவானது. இரண்டு வருடம் கழித்து, அவள் பறித்த கொழுந்தின் தயவில், அதே பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனேன். வெட்கமில்லாமல் டீச்சரும் ஆனேன்.

கூட்டங்கள் கொஞ்ச நாள் நடந்தன. அக்கா வந்து உட்காருவாள், கை மடியிலேயே இருக்கும். தன் கல்யாணப் பேச்சின்போதும் அதைத் தூக்கவில்லை. பிறகு அப்பாவும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். இன்று அப்பா இல்லை, அந்த லயமும் இல்லை.

எங்கள் ஆட்களை நாடு திருப்பி அனுப்பிய காலத்தில், அக்கா புருஷனோடு இந்தியாவுக்குக் கப்பலேறக் கிளம்பிய காலையில், "வழிக்கு என்னக்கா கட்டித் தர?" என்று கேட்டேன்.

"எதுன்னாலும் சரி" என்றாள்.

அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டிக் கொடுத்தேன்.