தொண்டையில் இரண்டு விரல்

அப்பா தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு "ஸ்ஸ்..." என்கிறார். பிறகு "ம்ம்..." தொண்டை அதிர்ந்தால் ஒரு வகைக் குறி, அதிராவிட்டால் வேறு. காதில் செருகிய பென்சிலை எடுத்து எழுதுகிறார், அழிக்கிறார், துகளை ஊதுகிறார். அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியவில்லை.

அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். மளிகை ரசீதைக்கூடத் திருத்தாமல் கிழித்துப்போட மாட்டார். இப்போது ஒலிக்குறி வகுப்புக்குப் போகிறார். பேசுவதைக் காதில் விழுந்தபடியே, ஒலிக்கொரு குறியாக எழுதுகிற பயிற்சி. கூடப் படிக்கிற பெண்கள் அவருக்கு வைத்த பெயர் 'தாத்தா சார்'.

எழுதிப் பார்ப்பது ஒரே பதிவைத்தான். அம்மா சாவதற்கு முன் மருத்துவமனையிலிருந்து அவருக்கு அனுப்பிய குரல் செய்தி: "ஏங்க, கேஸ மூடினீங்களா? சும்மா தலயாட்டாதீங்க, எந்திரிச்சுப் போய்ப் பாருங்க. மாடில துணி வேற கெடக்கு."

நான் ஒலிப்பதிவுப் பொறியாளர். அந்தப் பதிவின் இரைச்சலை நீக்கிக் கொடுத்தது நான்தான். திரையில் அலைவடிவத்தைப் பார்த்தே செய்தேன். குரலைக் கேட்கத் துணிவில்லை.

"அதான் பத்திரமா இருக்கேப்பா, எதுக்கு எழுதணும்?"

"சும்மா கேட்டா ஒடஞ்சு போயிடறேன். எழுதறப்ப, அவ நாக்கு எங்க பட்டுச்சு, உதடு எப்பக் குவிஞ்சுதுன்னு யோசன ஓடுது. கடைசி வரைக்கும் கேக்க முடியுது."

முதல் தாளை ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். "சார், இது உங்க வீட்டம்மா பேசினது இல்ல. நீங்க திருத்தினது." பார்த்தால், துணி 'கிடக்கிறது'. கேஸை 'மூடினீர்களா'. தொழில் புத்தி.

"அவ இருக்கறப்பவும் இதத்தான் பண்ணேன்" என்று சிரித்தார் அப்பா. "'வாயத் தொறந்தா பேனாவத் தூக்கிடுவீங்களே'ன்னு கரண்டியத் தூக்குவா."

அடித்து அடித்து எழுதிக்கொண்டிருக்கிறார். 'கெடக்கு' கெடக்குவாகவே இறங்க எத்தனையோ தாள் ஆனது.

நான் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன். தாள் முடிந்திருக்கிறது. சரிபார்க்க, குறிகளைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கிறார். "ஏ...ங்க" என்று அந்த இழுப்பு. இடப்பக்கம் லேசாகக் கோணும் அம்மாவின் உதடு, அப்பாவின் முகத்தில்.

கேட்க முடியாமல் நகரப் போகிறேன். படிப்பதை நிறுத்தாமல் என் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு விரல்களைத் தன் தொண்டையில் வைத்துக்கொள்கிறார்.