பைனாகுலருக்கு எதிரான போராட்டம்

சோவியத் ரஷ்யாவின் பெர்ம் நகரத்து எஞ்சின் தொழிற்சாலையில் ரோடியோன் குஸ்மிச் என்றால் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. "புகார்க்காரர்" என்றால் காவலாளிகூட வழி காட்டுவான். கடைசல் எந்திரத்தில் வேலை. மற்ற நேரத்தில் தொழிற்சாலை நூலகத்தில் வாசம். இறைச்சிக் கடையின் பின்வாசல் வழியாக யாருக்கெல்லாம் நல்ல துண்டு போகிறது என்று சுவர்ப் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதியவர் அவர்தான். அதன்பிறகு அவருக்கு முன்வாசலிலும் எலும்புதான் கிடைத்தது. தேவாலயத்துப் புனிதத் தண்ணீர் கெட்டுப்போகாது என்ற மூடநம்பிக்கையை ஒழிக்க, ஒரு ஜாடியை ஜன்னலோரம் வைத்துத் தொழிற்சாலை முழுவதையும் சாட்சிக்கு அழைத்தார். பாழாய்ப்போன தண்ணீர் குளிர்காலம் முடிந்தும் தெளிவாகவே இருந்தது. அதற்கான அறிவியல் காரணத்தை நீண்ட கட்டுரையாக எழுதினார். அதை யாரும் படிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பணி. அதனால் ஒன்பது வயது மகள் ஸோயாவைப் பாலே நடனம் பார்க்க அழைத்துப்போகும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பண்ணையடிமைப் பெண்களை ஆடவிட்டுப் பிரபுக்கள் ரசித்த கலை என்று பாலேவின் மீது அவருக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு உண்டு. ஸோயாவுக்கோ வழக்கு எதுவும் இல்லை. போன ஆண்டு அவளும் அவள் வகுப்புத் தோழி ரிம்மாவும் சேர்ந்தே பாலே பள்ளித் தேர்வுக்குப் போனார்கள். அங்கே குழந்தைகளின் கழுத்தையும் காலையும் நாடா வைத்து அளந்தார்கள். ரிம்மாவை எடுத்துக்கொண்டார்கள், ஸோயாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தையைத் துணி மாதிரி அளக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது என்று ரோடியோன் மூன்று பக்கம் எழுதினார். அதில் ஒரு வரியைக்கூட அவர் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.

இன்று ரிம்மா முதன்முதலாக மேடை ஏறுகிறாள், இரண்டாம் பகுதியில் பன்னிரண்டு நாரைகளில் ஒருத்தியாக. அவள் அம்மா தொலைவில் ஒரு பால் பண்ணையில் இருக்கிறாள், வர முடியவில்லை. "நீயாவது என்னைப் பாருடி. யாருமே பாக்காம ஆடுன மாதிரி இருக்கக் கூடாது" என்று ரிம்மா கேட்டிருந்தாள். ஸோயாவும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அரங்கில் கம்பளிப் பூட்ஸைக் கழற்றிப் பையில் கொண்டுவந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கோட்டுகளை ஒப்படைக்க வரிசையில் நின்றார்கள்.

"வாடகைக்குப் பைனாகுலர் வேணுமா?" என்றாள் கோட்டு வாங்கும் பெண். "எடுத்துக்கிட்டா திரும்பிப் போறப்ப வரிசையில நிக்க வேணாம். நேரா வந்து கோட்டை வாங்கிக்கலாம்."

ரோடியோனுக்கு ரத்தம் சூடேறியது. "அதாவது, காசு குடுத்தவன் முன்னாடி போவான், குடுக்காதவன் நிப்பான். இதுக்காம்மா நாம புரட்சி பண்ணினோம்?"

"நான் அப்பப் பொறக்கவே இல்லைங்க. வேணுமா, வேணாமா?"

"அப்பா, ஒண்ணு எடுத்துக்கலாம்ப்பா," என்று ஸோயா அவர் சட்டையை இழுத்தாள்.

"கண்ணு நல்லாத்தானே இருக்கு? சலுகை வாங்கிப் பழகாதே!"

பின்னால் நரித்தோல் காலர் வைத்த கோட்டுடன் நின்ற பெண்மணி கையை நீட்டினாள். "எனக்கு ஒண்ணு குடும்மா."

"நீங்களுமா, தோழரே?" என்று திரும்பினார் ரோடியோன். "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த அநியாயம் நடக்குது."

"எனக்கு முட்டி வலி, தோழரே. முட்டியையும் புரட்சியையும் சேர்த்துத் தூக்க முடியல."

வரிசை சிரித்தது. வரலாறு தன் பக்கம் இருக்கிறது என்ற நிம்மதியோடு ரோடியோன் மகளை மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்.

அங்கிருந்து பார்த்தால் மேடை தீப்பெட்டி அளவு. முதல் பகுதி முழுவதும் அவருக்குத் தெரிந்தது தலைகளின் வகிடுகள்தான். இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் ஸோயா கேட்டாள்: "எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கப்பா. ரிம்மாவ எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஒரு நல்ல வாதத்தால் அடக்கியிருப்பார். அவள் சும்மா கேட்டாள்.

படிகளில் தாவி இறங்கினார்.

"எல்லாம் தீர்ந்துபோச்சு," என்றாள் கோட்டுப் பெண். "புகார்ப் புத்தகம் வேணா இருக்கு. அதுக்குப் பஞ்சமே இல்லை."

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் மேலே ஏறினார். மேலே வந்ததும்தான் கண்டார்: அதே மாடியில், இரண்டு வரிசைக்கு முன்னால், முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண்மணி. அவளை அடைய ஒரு வரிசை ஆட்களைத் தாண்ட வேண்டும். பண்புள்ளவர்கள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் காட்டித்தான் நகர்வார்கள். அதனால் கெஞ்சப் போகும் முகத்தை ஒவ்வொருவரிடமும் காட்டியபடியே போனார்.

"அம்மா, உங்க பைனாகுலரைக் கொஞ்ச நேரம்…"

"யாரு கேக்குறது? புரட்சியா?"

"என் கொள்கை சரிதான்," என்றார். அப்போதும் அதை விட முடியவில்லை. "ஆனா அதுக்கான விலையை என் பொண்ணுகிட்ட வசூல் பண்ணிட்டேன். அவ சிநேகிதி இப்ப மேடைக்கு வரப் போறா."

அந்த அம்மாள் அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள். "பொண்ணுக்குத் தர்றேன். உங்களுக்கு இல்லை. நீங்க தொட்டீங்கன்னா பிடுங்கிக்குவேன்."

நாரைகள் வந்தன. ஸோயா பைனாகுலரை மெல்ல நகர்த்தினாள், நிறுத்தினாள், மறுபடி நகர்த்தினாள். திடீரென்று ரோடியோனின் முழங்கையில் ஐந்து நகங்கள் பதிந்தன.

"அவதான்! வலது பக்கம், கடைசிக்கு முந்தி. கால் நடுங்குதுப்பா… இல்ல, நின்னுட்டா, நின்னுட்டா!"

"எங்கே? நானும் ஒரு தடவை…"

"அந்த அம்மா சொன்னதக் கேட்டீங்கல்லப்பா, தொடக் கூடாது!"

அவர் கண்ட கலை, பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

ஆட்டம் முடிந்ததும், பனி கொட்டிக்கொண்டிருந்த அரங்கின் பின்வாசலில் ரிம்மா தலைத்துண்டைக் கட்டியபடி ஓடிவந்தாள். "பாத்தியாடி?"

"பாத்தேன். ரெண்டாவது சுத்துல உன் கால் ஆடிச்சு."

"அது உனக்குத் தெரிஞ்சுதா!" குறை சொன்னதற்கு அப்படிப் பூரித்த முகத்தை, எத்தனையோ பேரைக் குறை சொல்லிய ரோடியோன் அதுவரை கண்டதில்லை. ரிம்மா அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா, மாமா?"

உண்மைக்காக எலும்பு தின்ற மனிதர் வாயைத் திறந்தார். "பாக்காம என்ன? அருமையா ஆடினே."

"உங்களுக்கு நான் எந்தப் பக்கம் தெரிஞ்சேன், சொல்லுங்க?"

ஸோயா சொன்னது சுத்தமாக மறந்துபோயிருந்தது. எதிரே ஸோயா வலது கையை லேசாக உயர்த்தி ஜாடை காட்டினாள். தன்னைப் பார்த்து நிற்பவளின் வலது, தனக்கு எந்தப் பக்கம் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

"இடது பக்கம்!"

இரண்டு சிறுமிகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பரவாயில்ல மாமா," என்றாள் ரிம்மா. "ரெண்டு பேர் வந்து என்னைப் பாத்தாங்கன்னு அம்மாகிட்டச் சொல்வேன்."

"ஒண்ணரைப் பேருன்னு சொல்லுடி," என்றாள் ஸோயா.