மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய தூரம்

அப்பா காணாமல் போன அன்று காலை ஒன்பதரை மணிக்கு நான் ஒரு வரைபடம் போட்டேன். சின்னக் காஞ்சிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டை நடுவில் வைத்து, ஊரின் மேல் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பரப்பு. அது வட்டமாக இல்லை. சாலை போகும் பக்கமெல்லாம் விரல்போல நீண்டும், ஏரி குறுக்கிட்ட இடங்களில் உள்வாங்கியும் இருந்தது. அப்பா இதற்குள்தான் இருக்கிறார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதுதான் என் தொழில். ஒரு பார்சல் கம்பெனிக்காக, அவர்களுடைய கிடங்கிலிருந்து இருபது நிமிடத்தில் எந்தத் தெருவரை போகலாம், நாற்பது நிமிடத்தில் எதுவரை போகலாம் என்று வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறேன். புறப்படும் இடம், நேரம், வேகம் மூன்றையும் கொடுத்தால் கம்ப்யூட்டர் பரப்பைக் காட்டிவிடும். அன்று இடம் தெரியும். ஆறு மணிக்கே கேட் திறந்து கிடந்ததைப் பால் போடுகிறவர் பார்த்திருந்தார். கையில் காசு இல்லாததால் பஸ் ஏறியிருக்க வழியில்லை. வேகம் ஒன்றுதான் நான் யோசிக்க வேண்டியிருந்தது. வயது எழுபத்து மூன்று, மூன்று வருடமாக மறதி நோய். மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று போட்டேன்.

காவல் நிலையத்தில் இருந்த ஏட்டம்மா அதை நெடுநேரம் பார்த்தார். "நாங்க சும்மா வட்டம் போட்டுத் தேடுவோம்மா. இது ரோட்டோட போவுது, நல்லா இருக்குது" என்றார். சித்திரை வெயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் அவரால் நடக்க முடியாது, எங்காவது நிழலில் உட்கார்ந்திருப்பார் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். தம்பியும் அவன் நண்பர்களும் வண்டிகளில் கிளம்பினார்கள். என் எண்ணும் தம்பியின் எண்ணும் போட்ட நோட்டீஸை அந்தப் பரப்புக்குள் இருந்த கடைகளில் மட்டும் ஒட்டினோம். அப்பாவின் போட்டோ போட்ட அந்த நோட்டீஸும் என் வரைபடமும் எல்லோருடைய போனுக்கும் போயிருந்தன.

பத்தரை மணிக்கு ஒருவர் கூப்பிட்டார். வாலாஜாபாத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்.

"போட்டோ பாத்தேம்மா. ஒம்போது மணிக்கு இந்தப் பக்கமா போனாரு. நல்லா வேகமா நடந்து போயிக்கினு இருந்தாரு."

வாலாஜாபாத் எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். "அவரால அவ்ளோ தூரம் நடக்க முடியாதுங்க. அது வேற யாரோ" என்றேன்.

"இல்லம்மா, அதே மூஞ்சிதான்."

"சரிங்க, பாக்கறோம்" என்று சொல்லி வைத்தேன். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை.

இதை எழுதும்போதுதான் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அப்பா எப்படி நடப்பார் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. பகலில் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை செய்தார். திருவிழா நாட்களில் பெருமாளைத் தோளில் தூக்கினார். ஸ்ரீபாதம் தாங்கி என்று சொல்வார்கள். பொங்கலுக்கு மறுநாள் பெருமாள் ஊரைவிட்டுக் கிளம்பிப் பழையசீவரம் மலைக்குப் போய், அங்கிருந்து பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போவார். முப்பது வருடம் அப்பா அந்த வழியைச் சுமையோடு நடந்திருக்கிறார். ஏழெட்டு வயதில் நான் வாலாஜாபாத் சாலையில் அவர் பக்கத்திலேயே போவேன். நடந்து போனால் பின்தங்கிவிடுவேன் என்பதால் ஓடிக்கொண்டே போவேன். வலிக்கவில்லையா என்று கேட்டால், "நின்னாதான் பாரம். நடந்துக்கினே இருந்தா சாமி நம்மள இழுத்துக்கினு போயிடும்" என்பார்.

நோய் வந்தபின் என் பெயர் போயிற்று. அம்மா இறந்தது போயிற்று. மாடியில் குடியிருக்கும் பெண் என்று என்னை நினைத்து, வாடகை ஒழுங்காகக் கொடுக்கும்படி சொல்வார். மறதி என்று டாக்டர் சொன்னதை நான் முழு உடம்புக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். கால்களுக்கு அது வரவில்லை.

மூன்றாம் நாள் காலை திருமுக்கூடலில் ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி ஆற்று மணலில் அவரைப் பார்த்துச் சொல்லி அனுப்பினாள். நாங்கள் போனபோது ஒரு வேட்டியால் போர்த்தியிருந்தார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தம்பியிடம் பேசினார்.

"முந்தாநாளு மத்தியானமே வந்துட்டாருப்பா. மண்டபத்துல தூண்ல சாஞ்சிக்கினு, சாமி எப்ப வருதுன்னு கேட்டுக்கினே இருந்தாரு. பக்கத்து ஊர்க்காரர்னு நெனச்சேன். சோறு குடுத்தேன், தின்னல. தண்ணி மட்டும் குடிச்சாரு. நேத்து மத்தியானத்துக்கு மேலதான் ஆத்துப் பக்கம் எறங்கிப் போனாரு."

ஒரு நாளுக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். வாலாஜாபாத்திலிருந்து அது வண்டியில் கொஞ்ச நேரம்தான்.

நான் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு உட்கார்ந்தேன். ஒரு புதிய கிடங்கு, முப்பது நிமிடம், இருசக்கர வாகனம். வரைந்து அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன். ஏட்டம்மா ஒருமுறை வழியில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். என் கை வேறு யாருடையதோ போல இருந்தது. பஞ்சர் கடைக்காரர் கூப்பிட்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

இந்தப் பொங்கலுக்கு மறுநாள் தம்பி சாப்பிட வந்தான். விடியற்காலையிலேயே பெருமாள் கிளம்பிப் போயிருந்தார். தெரு காலியாக இருந்தது. அவன் இலையில் சோறு போட்டுவிட்டு, உட்காராமலே சொன்னேன். அன்று வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார், அது அப்பா இல்லை என்று நான் சொல்லிவிட்டேன் என்று.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்க்கா" என்றான்.

"எப்படி?"

"உங்கிட்ட பேசிட்டு எனக்கும் போன் பண்ணாரு. நான் அப்போ ஐயம்பேட்டைல இருந்தேன். வண்டிய ஓரமா நிறுத்திட்டு உன் மேப்ப தொறந்து பாத்தேன். வாலாஜாபாத் அதுல இல்ல. திரும்பி வந்துட்டேன்."

ஒன்பது மாதம் அவனும் இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அவன் ரசம் கேட்டான். ஊற்றினேன்.